பாலங்கள் சொல்லும் ஓடையின் கதை

ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்பது நம் முன்னோர் கருத்து. காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் பொருநைக் கரையிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து, லோதி ரோட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் தலைமுறை கண்டுவிட்ட நாம், இவ்வூரில் நமக்கென்று ஓர் ஆறு இல்லையே என்று ஏங்கியதுண்டு. யமுனையோ கிழக்கே ஒதுங்கி ஓடுகிறது. பாலத்தின் மீது பேருந்திற் செல்லும்போது மட்டுமே கண்ணிற் படுகிறது. நம் வீட்டுக்கு அருகில் ஓடுவது, மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து கடக்க வேண்டிய ஒரு சாக்கடை. அவ்வளவே என்று நாம் எண்ணியிருக்கிறோம்.

அந்தச் சாக்கடைதான் நம் ஆறு. அதற்கொரு பெயரும் உண்டு, பழமையும் உண்டு. பேரரசுகள் அதன் மீது அணையும் பாலமும் அமைத்தன. அதன் கரையில் நம்மவர் வாழ்ந்தனர். அண்மையில் அதன் பொருட்டே அக்கரையை விட்டு அகற்றவும்பட்டனர். ஆகவே பாராபுலா ஓடையின் வரலாறு தில்லியின் வரலாற்றில் ஒரு பகுதி மட்டுமன்று. தில்லித் தமிழரின் வரலாற்றிலும் ஒரு பகுதியாகும்.

ஏழும் எட்டும் பன்னிரண்டும்

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி தில்லி நகருக்குள் புகுந்து, மேடும் பள்ளமுமாய், முள்மரக் காடாய் நீண்டு கிடக்கிறது. 'ரிட்ஜ்' என்று நாம் வழங்குவது இதனையே. மழைக்காலத்தில் இம்மேட்டிற் பொழியும் நீர் பல ஓடைகளாய்ப் பிரிந்து கிழக்கு நோக்கி இறங்கி யமுனையைச் சேரும். தெற்கே மெஹ்ரோலிப் பக்கத்து மேட்டிலிருந்து வரும் ஓடை, சிராக் தில்லியைக் கடந்து வடக்கே வருகிறது. மேற்கே நடுத் தில்லி மேட்டிலிருந்து வரும் ஓடை குஷக் நாலா, சப்தர்ஜங், ஐ.என்.ஏ. வழியாக லோதி காலனியின் தெற்கே செல்வது இதுவே. தீன் மூர்த்தி மாளிகை வளாகத்தில் பெரோஸ் ஷா துக்ளக் கட்டிய வேட்டை மாளிகை ஒன்று இன்றும் சிதைந்து நிற்கிறது. குஷக் என்ற பெயர் அம்மாளிகையை நினைவூட்டுவது. இவ்விரு ஓடைகளும் நேரு விளையாட்டரங்கின் அருகே கூடிப் பாராபுலா என்னும் பெயர் பெற்று, நிஜாமுதீனைத் தொட்டு, சராய் காலே கான் அருகே யமுனையிற் கலக்கின்றன.

இவ்வோடைகள் ஒரு காலத்தில் நன்னீர் ஓடைகளாக விளங்கின என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. முதலாவது, கிர்க்கி கிராமத்தின் அருகிலுள்ள சத்புலா. பதினான்காம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக் தன் ஜஹான்பனா நகரின் மதிலோடு இணைத்து, ஓடையின் குறுக்கே மதகுகளோடு அமைத்த அணை இது. மதகுகளை ஏற்றியும் இறக்கியும் வயல்களுக்கு நீர் பாய்ச்சினர். 'சிராக்-ஏ-தில்லி' என்று போற்றப்பெற்ற நசீருத்தீன் என்னும் சூஃபிப் பெரியார் இந்நீரில் கைகால் கழுவித் தொழுதார் என்ற நம்பிக்கையால், இந்நீர் நோய் தீர்க்கும் என்று கருதி மக்கள் திரண்டு வந்து நீராடினர். நாம் இன்று அணுக அஞ்சும் ஓடையின் நீர், ஒரு காலத்தில் மருந்தாகக் கொள்ளப்பட்டது!

இரண்டாவது, லோதி தோட்டத்திலுள்ள அட்புலா. மாலையில் உலாவச் செல்லும் நம் முதியவர்கள் இப்பாலத்தின் மீது நின்று வாத்துகளைக் காட்டிப் பேரப்பிள்ளைகளை மகிழ்விப்பதுண்டு. எட்டுத் தூண்களும் ஏழு வளைவுகளும் கொண்ட இப்பாலம் அக்பர் காலத்தது. இப்பகுதியில் ஓடிய மற்றோர் ஓடையைக் கடக்கக் கட்டப்பட்டது. ஓடை மறைந்துவிட்டது. பாலத்தின் கீழே இன்று காண்பது பூங்காவின் ஏரி.

மூன்றாவது, நிஜாமுதீனுக்குத் தெற்கேயுள்ள பாராபுலா. பன்னிரண்டு தூண்கள் உடைமையால் இப்பெயர் பெற்றது, வளைவுகள் பதினொன்று. ஜஹாங்கீர் அரசவையில் அந்தப்புரக் காவலர் தலைவராயிருந்த மிஹ்ர் பானு ஆகா, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனைக் கட்டுவித்தார். தில்லியிலிருந்து ஆக்ரா செல்லும் பெருவழி இதன் மீது சென்றது.

ஏழு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணிக்கையாலேயே பெயர் பெற்ற இம்மூன்றையும் ஒருசேர நோக்குங்கால் ஓர் உண்மை புலப்படும். சாக்கடையைக் கடக்க எந்த அரசனும் பதினோரு வளைவுகளோடு கற்பாலம் கட்டுவதில்லை. அத்தனை அகலமாய், அத்தனை வேகமாய் நீர் வந்தது. ஆதலின் அத்தனை வளைவுகள் தேவைப்பட்டன. ஓடையின் பழைய அகலத்தை இன்று நமக்கு அளந்து காட்டும் கோல் அப்பாலமேயாகும்.

தொழுநை என்னும் பழம்பெயர்

இவ்வோடை சென்று சேரும் யமுனை தமிழருக்குப் புதியதன்று. அகநானூற்றிலேயே அது 'தொழுநை' என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. யமுனையைக் கண்ணாற் கண்டிராத வில்லிபுத்தூர்க் கோதை, திருப்பாவையில் அதனைத் தூய்மையும் பெருக்கும் உடைய நீராகவே நெஞ்சிற் கண்டு பாடினாள். மார்கழி விடியலில், தில்லியின் கடுங்குளிரிலும், நம் வீட்டுப் பெண்கள் வாசலிற் கோலமிட்டுப் பாடுவது அந்த யமுனையைத்தான். அப்பாடல் ஒலிக்கும் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலேயே அந்த ஆறு ஓடுகிறது. பாட்டில் உள்ள ஆற்றுக்கும் பாலத்தின் கீழுள்ள ஆற்றுக்கும் இடையே நேர்ந்தது என்ன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

ஓடை சாக்கடையானது எவ்வாறு?

தமிழில் ஓடை வேறு, வாய்க்கால் வேறு, சாக்கடை வேறு. இந்தியிலோ 'நாலா' என்ற ஒரே சொல், மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கும் கழிவு செல்லும் வடிகாலுக்கும் பொதுவாக வழங்குகிறது. இதனால் நேர்ந்த கேடு சிறிதன்று. குஷக் நாலா என்றாலும் பாராபுலா நாலா என்றாலும், கேட்போர் மனத்தில் தோன்றுவது சாக்கடையே. சாக்கடையிற் கழிவைக் கொட்டுவதற்கு யார்தாம் தயங்குவர்?

ஆயினும் சொல்லின் மீதே பழி முழுவதையும் சுமத்துதல் தகாது. சென்னைக் கூவத்தை நாம் 'ஆறு' என்றே அழைத்தோம். திருஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அமைந்த கூவம் என்னும் ஊரின் பெயரையே அது தாங்கி வருகிறது. அவ்வாறிருந்தும் நகருக்குள் நுழைந்ததும் அதனை என்ன செய்தோம் என்பதை நாம் அறிவோம். ஆகவே தில்லியைப் பழிக்கும் தகுதி நமக்கில்லை. பாடம் கற்கும் கடமை மட்டுமே உண்டு.

வரலாற்றுக் காரணம் மக்கட்பெருக்கமும், அதற்கு ஈடாக வளராத வடிகால் ஏற்பாடும் ஆகும். 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 லட்சம். நாடு பிரிந்தபின் அகதிகள் வந்து குவிந்தனர். 1951-இல் அது 17 லட்சத்தைத் தாண்டிற்று. இவ்வோடைகளின் இருமருங்கும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. 2011-இல் மக்கள்தொகை 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். வீடுகள் எழுந்த வேகத்தில் கழிவுநீர்க் குழாய்கள் எழவில்லை. குழாய் இல்லாத இடத்துக் கழிவும், குழாய் உடைந்த இடத்துக் கழிவும் பள்ளத்தை நாடி ஓடின. பள்ளமோ, பழைய ஓடை.

ஓடைக்குத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைத்துவிடும். ஆனால் அழுக்கு அளவுக்கு மிஞ்சினால் பிராணவாயு முழுவதும் செலவாகிவிடும். அப்போது மீன்கள் மடியும், காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகும், அழுகிய முட்டை நாற்றம் எழும், நீர் கருக்கும். குளிப்பதற்கேற்ற ஆற்றுநீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. தில்லியின் கழிவைச் சுமக்கும் ஓடைகளில் அது பெரும்பாலும் அற்றுப்போய்விடுகிறது. மழைக்காலத்து நன்னீர் வந்து கழுவிச் செல்லும் வாய்ப்பும் குறைந்தது. நீர் ஊறும் மண்ணையெல்லாம் சிமெண்ட் மூடிவிட்டதன்றோ!

இத்தகைய இருபதுக்கும் மேற்பட்ட பெரிய வடிகால்கள் தில்லியில் யமுனையைச் சேர்கின்றன. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை ஆற்றின் நீளம் 22 கிலோமீட்டர். யமுனையின் மொத்த நீளமாகிய 1,376 கிலோமீட்டரில் இது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் ஆறு முழுவதும் சுமக்கும் அழுக்கில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ இச்சிறு நீளத்தில்தான் சேர்கிறது. அங்கிருந்து 1874-இல் திறக்கப்பட்ட ஆக்ரா கால்வாய் வழியாக அந்நீர் தெற்கே வயல்களுக்குச் செல்கிறது. நம் வீட்டுக் கழிவு நம் கண்ணை விட்டு மறைகிறது. வேறொருவர் வயலிற் போய்ப் பாய்கிறது.

1955-ஆம் ஆண்டு மார்கழி

ஆற்றிற் கொட்டியது ஆற்றோடு போய்விடும் என்று எண்ணிய தலைநகரம் ஒருமுறை கொடிய பாடம் கற்றது. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறியமாட்டார்கள்.

அப்போது வஜீராபாத்தில் ஆற்றுநீரை எடுத்துத் தூய்மை செய்து நகருக்கு அனுப்பினர். அதற்குச் சற்றுக் கீழே நஜப்கர் வடிகால் நகரின் கழிவைக் கொண்டுவந்து யமுனையிற் சேர்த்தது. மேலே எடுப்பது குடிநீர், கீழே விடுவது கழிவு. ஆறு கீழ்நோக்கித்தானே ஓடும் என்ற துணிவு. 1955-ஆம் ஆண்டு மழைக்கால வெள்ளத்துக்குப் பின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. நீரெடுக்கும் இடத்தை விட்டு ஆறு விலகிற்று. வடிகாலின் கழிவு பின்னோக்கி ஏறி, நீரெடுக்கும் இடத்தையே எட்டிவிட்டது. நவம்பர் மாத இடையில் இது நிகழ்ந்தது.

பணியாளர்கள் ஆபத்தை உணர்ந்து குளோரினை மிகுதியாகக் கலந்தனர். அதன் பயனாக டைஃபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆனால் ஒரு நுண்ணுயிர் மட்டும் தப்பி வந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில், அதாவது மார்கழியை ஒட்டி, நகரெங்கும் மஞ்சள் காமாலை பரவிற்று. 1956 ஜனவரி வரை நீடித்த அக்கொள்ளைநோயில் காமாலை வெளிப்படத் தோன்றியவர் தொகை ஏறத்தாழ 29,300. கருவுற்ற மகளிரிடையே இறப்பு மிகுதியாயிருந்தது. டாக்டர் ஆர். விசுவநாதன் இதனை நுணுகி ஆராய்ந்து 1957-இல் வெளியிட்ட கட்டுரை உலக மருத்துவ நூல்களில் இடம் பெற்றது. அன்று சேமித்து வைத்த குருதி மாதிரிகளை 1980-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, இது அதுவரை அறியப்பட்ட இருவகைக் காமாலையிலும் சேராத ஒன்று என்று தெளிவாயிற்று. பின்னர் ஹெப்பட்டைட்டிஸ் ஈ என்று பெயர் பெற்ற நோய் இதுவே.

தூய பெருநீர் என்று நாம் பாடும் ஆறு, பாடும் திங்களிலேயே நஞ்சாக நம் குழாய்க்கு வந்தது. ஆறு பழிவாங்கிற்று என்று கூறுதல் மூடநம்பிக்கை. நாம் கொடுத்ததை அது திருப்பிக் கொடுத்தது, அவ்வளவே.

தலையும் காலும் காத்தோம்

இதன்பின் சட்டங்கள் வாராமல் இல்லை. 1974-இல் நாடாளுமன்றம் நீர் மாசு தடுப்புச் சட்டம் இயற்றிற்று. 1993-இல் யமுனைச் செயல் திட்டம் தொடங்கிற்று. 1994-இல் யமுனையின் அவலம் பற்றி நாளிதழில் வந்த செய்தியைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் ரிட்ஜ் காட்டில் 7,777 ஹெக்டேர் நிலத்தைக் காப்புக்காடாக்கும் அறிவிக்கை வெளிவந்தது. 2015 ஜனவரி 13-ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யமுனைச் சமவெளியில் கட்டட இடிபாடு கொட்டுவோருக்கு 50,000 ரூபாயும், குப்பையோ பூசைப் பொருள்களோ எறிவோருக்கு 5,000 ரூபாயும் தண்டம் விதிக்க ஆணையிட்டது.

இங்கேதான் ஒன்றைக் கருத வேண்டும். ஓடை பிறக்கும் மேடு காப்புக்காடு. ஓடை முடியும் சமவெளி காக்கப்பட்ட ஆற்றுப்படுகை. ஓடையின் தலைக்கும் காலுக்கும் காவல் உண்டு. இடையிலுள்ள உடலை, அதாவது நம் வீடுகளுக்கு நடுவே ஓடும் பகுதியை, ஓர் ஆறாகக் கருதிக் காத்தவர் இலர். காட்டிற் குப்பை கொட்டினால் குற்றம். ஆற்றங்கரையிற் கொட்டினால் தண்டம். நடுவழியிற் கொட்டினால் அது நாலாதானே என்ற அலட்சியம். நடுவிற் கொட்டியது காலை அடையாமல் எங்கே போகும்? நாட்டின் ஆறுகளையும் காடுகளையும் காக்கும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மாளிகை லோதி ரோட்டை அடுத்த ஜோர் பாக்கிலேயே 2014-இல் எழுந்தது. குஷக் நாலா அதற்கு வெகு தொலைவில் இல்லை.

ஓடையைக் காப்பதற்கு மாறாக அதனை மறைக்கும் வழியையே நகரம் நாடிற்று. ஐ.என்.ஏ. அருகே ஓடையை மூடிய நிலத்தின் மீது 1994-இல் தில்லி ஹாட் எழுந்தது. 2010-இல் காமன்வெல்த் விளையாட்டுகளின் பொருட்டு, சராய் காலே கானிலிருந்து நேரு விளையாட்டரங்கு வரை பாராபுலா ஓடையின் மேலேயே உயர்நிலைச் சாலை அமைக்கப்பட்டது. இன்று 'பாராபுலா' என்றால் இளைஞர் நினைப்பது அச்சாலையையே. பாலத்தின் பெயர் ஓடைக்குச் சென்றது. ஓடையின் பெயர் சாலைக்குச் சென்றது. ஓடை பெயரின்றி இருளிற் கிடக்கிறது.

தென்கொரியத் தலைநகர் சியோலின் நடுவே சோங்கேசோன் என்றோர் ஓடை உண்டு. அதுவும் சாக்கடையாகி, மூடப்பட்டு, மேலே உயர்நிலைச் சாலை சுமந்ததுதான். 2003-இல் அந்நகரத்தார் அச்சாலையை இடித்து, 2005-இல் ஓடையை வெயிலுக்குக் கொணர்ந்தனர். இன்று அதில் ஓடும் நீரிற் பெரும்பகுதி எந்திரத்தால் இறைத்து விடப்படுவதே. பழைய ஓடை முழுமையாக மீண்டுவிட்டது என்று சொல்ல இயலாது. எனினும் மக்கள் கரையில் இறங்கி அமர்கின்றனர், மீன்கள் திரும்பியுள்ளன. ஒரு நகரம் சாலையை எடுத்து ஓடையை மீட்ட ஐந்தாண்டுகளில் மற்றொரு நகரம் ஓடையின் மேல் சாலையை ஏற்றிற்று.

கரையில் வாழ்ந்த நம்மவர்

இனிக் கூறப்போவது நம் நெஞ்சை நேராகத் தொடுவது. ஜங்புரா அருகே, பாராபுலா ஓடையின் கரையில், 'மதராசி கேம்ப்' என்றொரு குடிசைப் பகுதி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கு வாழ்ந்து வந்தன. பெண்கள் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்தனர். அவர்களுடைய பிள்ளைகளிற் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தனர்.

மழைக்காலத்தில் ஓடை நிரம்பி, நிஜாமுதீன், ஜங்புரா பகுதிகளில் வெள்ளம் தேங்கிற்று. ஓடையைத் தூர்வாரவும் அகலப்படுத்தவும் இக்குடியிருப்பு தடையாக உள்ளது என்று வழக்கு எழுந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. குடியிருப்புகள் ஏறத்தாழ 370. மாற்றிடம் பெறத் தகுதியுடையவை என்று முதலில் ஏற்கப்பட்டவை 189. அம்மாற்றிடமோ நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். வேலை செய்யும் வீடும் பிள்ளை படிக்கும் பள்ளியும் இங்கே; உறங்கும் இடம் அங்கே.

ஓடையின் கழுத்தில் வீடு கட்டினால் வெள்ளம் தேங்கும் என்பது மெய். அவர்கள் குப்பையும் ஓடையிற் கலந்தது என்பதும் மெய். நீதிமன்றத்தின் கவலை வீணன்று. ஆயினும் வரலாறு எழுதுவோன் ஒன்றைக் கேட்டே தீரவேண்டும். மெஹ்ரோலி மேட்டிலிருந்து ஜங்புரா வரை இருகரையிலும் உள்ள எத்தனை மாடி வீடுகளின், எத்தனை அலுவலகங்களின், எத்தனை அங்காடிகளின் கழிவு கலந்து இந்நீர் கருத்தது? ஓடைக்கு நேர்ந்த கேட்டை அனைவரும் சேர்ந்து செய்தோம். அதன் விலையைக் கடைசிக் கரையில் இருந்த ஏழைகள் முதலிற் கொடுத்தனர். 'மதராசி' என்று பெயர் பெற்ற அக்குடியிருப்பின் துயரம் நம் அடுக்குமாடிக் கதவைத் தட்டவில்லையெனில், நாம் கூடி விழாக் கொண்டாடுவதன் பொருள்தான் என்ன?

நாம் செய்யக்கூடியது

பெருந்திட்டங்கள் அரசின் கையில் உள்ளன. எனினும் நம் கையிலும் சில உண்டு. நம் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் எதில் இணைகிறது, சுத்திகரிப்பு நிலையத்திலா மழைநீர் வடிகாலிலா என்று குடியிருப்போர் சங்கம் கேட்டறியலாம். வீடு புதுப்பிக்கும்போது எழும் இடிபாட்டை ஓடைக்கரையிற் கொட்ட விடாமல் தடுக்கலாம். விநாயக சதுர்த்தியிலும் நவராத்திரியிலும் பூசித்த களிமண் உருவத்தை வீட்டு வாளியிலேயே கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். நரேலாவுக்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை விடாதிருக்க நாம் கைகொடுக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று செய்யலாம்; அதற்குப் பொருட்செலவு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். லோதி தோட்டத்து அட்புலாவில் தொடங்கி நிஜாமுதீன் பாராபுலா வரை சென்று, பழைய பாலத்தின் பதினோரு வளைவுகளையும் அவர்களை எண்ணச் சொல்லுங்கள். கீழே ஓடுவது என்ன என்று அவர்கள் கேட்பார்கள். சாக்கடை என்று சொல்லிவிடாதீர்கள். 'இது நம் ஓடை; தொழுநைக்குப் போகிறது' என்று சொல்லுங்கள். தன் ஆறு என்று அறிந்தவன் அதிற் குப்பை எறியத் தயங்குவான். அத்தயக்கமே தூய்மையின் தொடக்கம்.